உனக்குக் கேட்கும் பாட்டு

கௌரிக்கு, லிந்துலையிலிருந்து அப்பா.

தலவாக்கலை ஸ்டேஷனில் ரயிலேறும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பையை உள்ளே தள்ளிவிட்டு, படியில் நின்றபடியே திரும்பி, "அப்பா, ஒங்களுக்கு எம்மேல பொறாமையா?" என்றாய். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஊதியது. நான் காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். நீயும் விட்டுவிட்டாய். ரயில் நகர்ந்தது, கையசைத்தாய், நானும் அசைத்தேன். காது மந்தமான மனிதனுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது. பிடிக்காத கேள்வி எதுவும் காதில் விழவில்லை என்று இருந்துவிடலாம். ஆனால் அன்று எனக்கு நன்றாகவே கேட்டது. ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. அதற்குப் பதில், ஆமாம் என்பதுதான்.

இதைப் போனில் சொல்ல வழியில்லை. நீயும் நானும் போனில் பேசினால் பாதி உனக்கு விளங்காது, மீதி எனக்கு விளங்காது, நடுவில் உன் அம்மா நின்று இரண்டு பக்கத்துக்கும் கத்த வேண்டும். இந்த விஷயத்தை அவளை வைத்துக் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் கல்யாணம் முடிந்து நீ கண்டியிலேயே குடித்தனம் ஆகிவிடுவாய். பிறகு நான் எழுதுவதை மருமகனும் படிப்பார். படிக்கட்டும், அதில் ஒன்றுமில்லை. டயகமவில் ஒரு சின்னப் பிள்ளைக்கு உனக்குப் போலவே காதுக்குள் கருவி பொருத்தியிருக்கிறார்களாம். அந்தத் தகப்பன் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான். உனக்குச் சம்மதமென்றால் அவனுக்கும் இதைக் காட்டுவேன். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில விஷயங்களை அவனாவது தெரிந்துகொள்ளட்டும்.

நீ பிறந்தபோது நான் எஸ்டேட் பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சங்கீதத்துக்குத் தனியாக ஆள் இல்லாத பள்ளிக்கூடம் அது. எனக்கு ஆர்மோனியம் வரும், குரலும் இருந்தது, அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். நானே ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். கோயில் பஜனையிலும் நான்தான் முன்குரல். உன்னைத் தொட்டிலில் போட்டதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவேன். கொஞ்ச நேரத்தில் நீ உறங்கிவிடுவாய். என் குரல் கேட்டால்தான் இவள் தூங்குவாள் என்று லயத்து வீடுகளில் ஒருவர் விடாமல் பெருமையடித்திருக்கிறேன். பிறகு ஒரு திருவிழாவில், நாம் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வெடி கொளுத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளும் வீரிட்டு அழுதன. நீ என் தோளில் இருந்தபடி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், யாரோ பிடித்திருந்த பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முதலில் நுவரெலியாவுக்கும் பிறகு கண்டிக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். பிறவியிலிருந்தே உனக்குக் காது கேட்காது என்றார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் உன் அம்மா அழுதாள். நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். இவள் என் பாட்டுக்குத் தூங்கவில்லை, தொட்டிலின் ஆட்டத்துக்குத் தூங்கியிருக்கிறாள், தொட்டிலை ஆட்டியது இவளுடைய அம்மா. பக்கத்து சீட்டில் அழுதுகொண்டிருந்த உன் அம்மாவின் மேல் எனக்கு வந்ததை அன்று துக்கம் என்றே நினைத்தேன். இப்போது அதன் பெயர் தெரிகிறது.

நீ எங்கள் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகினாய். அம்மாவின் வாய் உனக்குத் தெளிவாக விளங்கியது. என் வாய் விளங்கவில்லை, மேலுதட்டை மறைத்துக்கொண்டு எனக்குப் பெரிய மீசை. நான் ஏதாவது சொன்னால் நீ உடனே அம்மா பக்கம் திரும்புவாய், அவள் அதையே மறுபடி சொல்வாள், நீ தலையாட்டுவாய். ஒருநாள் காலையில் மீசையை மழித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் வீட்டில் யார் செத்தது என்று துக்கம் விசாரித்தார்கள். சாயங்காலம் வந்து உன் முன்னால் உட்கார்ந்து, "பாப்பா, சோறு தின்னியா?" என்று கேட்டேன். நீ என் வெறும் உதட்டைப் பார்த்துச் சிரித்தாய். சிரித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாய்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் செல்வி என்று ஒரு பிள்ளை இருந்தாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவரின் மகள். அப்படி ஒரு குரல். பரிசளிப்பு விழாவுக்கு நான்தான் அவளைத் தயார் செய்தேன். அவள் பாடும்போது அவளுடைய அப்பா மலையிலிருந்து நேராக வந்து, கவ்வாத்துக் கத்தியைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, மண்டபத்து வாசலிலேயே நின்று கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, கையைக்கூடக் கூப்பத் தெரியாமல் நின்று, இந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான் குரலைக் கொடுத்தீர்கள் என்றார். பாவம், நல்ல மனிதர். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் கொழும்புப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் போகிறோம் என்று செல்வியைக் கூட்டிப்போனபோது, ஊரெல்லாம் வருத்தப்பட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

உனக்கு நாலு வயது ஆகும் முன்பே கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. கொக்ளியர் கருவி என்று டொக்டர் சொன்னார். நம் வீட்டில் அது மிசின். ஒரு பாகம் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில். இன்னொரு பாகம் வெளியே, காதோரம் மாட்டிக்கொள்ள. அதிலிருந்து வரும் வட்டமான துண்டு காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். முதல்முறையாக அதை இயக்கிய நாளில் நீ பயந்து அலறி அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாய். நான் எதிர்பார்த்தது வேறு. முகம் மலரும், என் பக்கம் திரும்புவாய் என்று நினைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். டயகமக்காரனுக்கு இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்: புதுச் சட்டை போடாதே. பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. பேச்சுப் பயிற்சிக்காகக் கண்டிக்கு நீ போய்வந்த பயணங்களும், அம்மா உன்னோடு அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்து, பள்ளிக்கூடம் போகும் வயதில் நீ வாயாடியாகவே ஆகிவிட்டாய். அவ்வளவு நாளும் நான் பொறுத்திருந்தேன். பேச்சு வரட்டும், பிறகு என் முறை என்று.

என் முறையும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தை எடுத்துத் துடைத்து, உன்னை முன்னால் உட்காரவைத்துப் பாடினேன். நன்றாகப் பாடினேன், அது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நீ மரியாதையாக என் முகத்தைப் பார்த்தாய். பிறகு கை மெதுவாக மேலே போய், அந்த வட்டத் துண்டை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாய். மறுபடி கையைக் கட்டிக்கொண்டு, பாட்டு முடியும்வரை என் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். பிறகு அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அப்பா பேசுனா அப்பா மாதிரி இருக்கு. பாடுனா தகரத்த இழுக்குற மாதிரி இருக்கு."

கண்டியில் உன் மிசினைச் சரிபார்த்துக் கொடுத்த அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. நம்முடைய காதுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய மயிர்கள் செய்கிற வேலையை உன் காதுக்குள் ஒரு மெல்லிய கம்பியில் இருக்கும் சொற்பமான புள்ளிகள் செய்கின்றன, பேச்சுக்கு அது போதும், ராகத்துக்குப் போதாது என்றார். சுரம் ஏறுவதும் இறங்குவதும் உனக்கு ஒன்றோடொன்று கலந்து வரும். பல வாத்தியங்கள் சேர்ந்தால் வெறும் இரைச்சலாக வரும். தாளம் மட்டும் நமக்குப் போலவே துல்லியமாக வரும். "அவங்களுக்குக் கேக்குறது வேற. கொறைஞ்சதுன்னு நெனைச்சிராதீங்க" என்று அவர் சொன்னதை நான் பலமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

தாளம் துல்லியமாக வரும் என்பதைத்தான் தப்பு மேளம் அடிக்கிற முத்தையா மாமாவின் வீட்டு முன்னால் கண்டோம். அவர் தப்பைத் தீயில் காய்ச்சி அடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டால் நீ போட்டது போட்டபடி ஓடுவாய். நான் பாடும்போது கழற்றி வைத்த மிசினை அங்கே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாய், விழுந்துவிடக் கூடாதே என்று. உன் தோள் குதிக்கும், கால் குதிக்கும். தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனால் அவர் அடித்ததை அப்படியே வாளியில் அடித்துக் காட்டுவாய். ஒருமுறை அவர் என்னிடம் வந்து, "சேர், ஒங்க புள்ளக்கி ஒரு அடி பெசகுனாலும் தெரியுது" என்று சந்தோஷமாகச் சொன்னார். செல்வியின் அப்பாவிடம் நான் எப்படி நின்றேனோ அப்படியே அவர் முன்னாலும் நின்றேன். எத்தனையோ பிள்ளைகளைப் பாடவைத்தவன் நான். என் பிள்ளைக்குச் சங்கீதம் என்ற ஒன்றைக் காட்டியவர் அவர். அங்கே போகாதே என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. உன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

நீ பெரிய வகுப்புக்குப் போன பிறகு என் சொந்தத் திருப்திக்கு உன்னைச் சோதித்துப் பார்ப்பேன். நினைவிருக்கும் உனக்கு. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திவிட்டு, பக்கத்துக் கட்டையையும் அழுத்தி, எது மேல் என்று கேட்பேன். நீ நெற்றியைச் சுருக்கி யோசித்து, தப்பாகச் சொல்வாய். பரவாயில்லை என்று தலையைத் தடவுவேன். கௌரி, நீ தப்பாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. தப்பை எவ்வளவு வேண்டுமானாலும் அடி, பாட்டு என்பது இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அதற்குச் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்கிற ஆறுதல்.

பிறகு உனக்குப் புது மிசின் வந்தது. போனிலிருந்து பாட்டு கம்பி எதுவும் இல்லாமல் நேராகத் தலைக்குள் போகிற வகை. ஒருநாள் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தேன். ரேடியோ இல்லை, டிவி இல்லை, வீடு அமைதியாக இருந்தது. நீ ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாய். இடுப்பு அசைந்தது, உதடு எதையோ முணுமுணுத்தது, ஒரு இடத்தில் கண்ணை மூடி நின்றுவிட்டாய். அந்த வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, காது நன்றாக இருந்த எனக்கு அது கேட்கவில்லை, செவிடாய்ப் பிறந்த உனக்குக் கேட்டது. நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனேன்.

அதை நீ எப்படிப் பழகினாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு குரலும் ஒரு வாத்தியமும் மட்டும் இருக்கிற பாட்டாகத் தேடி எடுப்பாய். முதலில் வரிகளைப் படித்து மனப்பாடம் செய்வாய். பிறகு அதே பாட்டை நாள்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்பாய். சொல் பிடிபட்டதும் தாளத்தைப் பிடிப்பாய், அதற்குப் பிறகு, ரொம்ப நாள் கழித்து, அது எங்கே ஏறுகிறது எங்கே வளைகிறது என்று மங்கலாக ஏதோ தெரிய ஆரம்பிக்கும். ஒருநாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்து, போனைச் சத்தமாக வைத்து, "அப்பா, இந்த எடத்துல பாட்டு மேல ஏறுதில்ல?" என்றாய். ஏறத்தான் செய்தது. எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், அது எல்லோருக்கும் தெரிகிறதுதானே என்றேன். அதை நானில்லாமல் நீயாகக் கண்டுபிடித்தாய் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கல்யாணம் பேச பிரதீபன் வீட்டாரைப் பார்க்க வேனில் போனோமே, அன்றும் அப்படித்தான். வேனுக்குள் பாட்டு ஓடியது, அதற்கு மேல் சித்தப்பாமார் சத்தமாகப் பேசினார்கள். நீ அந்த வட்டத் துண்டைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டதை எங்களைக் கூட்டிப்போக வந்து முன் சீட்டில் இருந்த பிரதீபன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். உடனே பாட்டை நிறுத்தச் சொன்னார். வேனே அமைதியாகிவிட்டது, எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். நீ மறுபடி மாட்டிக்கொண்டு, "பாட்டு ஓடட்டுங்க, பேச்சத்தான் நிப்பாட்டணும்" என்றாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிரதீபனும் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். எங்களையும் பாட்டையும் வைத்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டாயே என்று அந்தப் பயணம் முழுக்க உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

இனி என் காதைப் பற்றி. பென்ஷன் எடுத்த கொஞ்ச காலத்திலேயே ஆர்மோனியத்தின் மேல் கட்டைகள் பழுதாகிவிட்டன என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெட்டி நன்றாக இருந்தது. ரேடியோவில் வயலின் வந்தால் முதலில் கொசு மாதிரிக் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. டொக்டர் வயது என்றார், காதுக்கு ஒரு கருவி கொடுத்தார். அதை மாட்டினால் பேச்சு கொஞ்சம் தெளிவாகிறது. பாட்டு மட்டும், நான் சின்ன வயதிலிருந்து பாடிய அதே பாட்டு, யாரோ சாயம் போகத் துவைத்துக் காயப்போட்டது மாதிரி வருகிறது. எங்கே எந்தச் சுரம் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்துக்காகக் காத்திருப்பேன், அங்கே வேறு ஏதோ ஒரு கிறீச்சல் வந்து நிற்கும். தாங்க முடியாமல் கழற்றி வைத்துவிடுவேன். நீ பாவாடைப் பையில் போட்ட மாதிரி நான் சட்டைப் பையில்.

எனக்கு உன்மேல் பொறாமை எங்கே முற்றியது என்றால் இங்கேதான். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் உன்னைவிட என் காது நல்ல காது. பழுதாகியும்கூட நல்ல காது. ஆனால் நீ திருவிழாவில் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று சிரிக்கிறாய், நான் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். நீ ஒன்றையும் இழக்கவில்லை. உனக்கு வந்த பாட்டு எப்படி வந்ததோ அதுவே உனக்குப் பாட்டு. ஒப்பிட்டுப் பார்க்க உன்னிடம் பழையது எதுவும் இல்லை. என்னிடம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பழையது இருக்கிறது, அது ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வந்து நின்று மறைக்கிறது. குறைவாகக் கேட்கிறவள் நிறைய அனுபவிக்கிறாள், நிறையக் கேட்கிறவனுக்கு ஒன்றுமில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று நான் சாமியிடமே கேட்டிருக்கிறேன்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் தங்கராஜ் வீட்டுக்கு வந்தான். பஜனைக் கோஷ்டியை இப்போது அவன்தான் நடத்துகிறான், என்னிடம் படித்தவன். தேத்தண்ணி குடித்து முடித்தான். பிறகு தரையைப் பார்த்தபடி, "இந்த வருசம் நீங்க முன்னுக்கு ஒக்காந்து கேளுங்க சேர், நாங்க பாடுறோம்" என்றான். என் சுருதி விலகுகிறது என்று அவன் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறான். நான் சரி என்றேன். ஊர்வலத்தன்று மழைத் தூற்றலில் கோயில் முன்னால் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். பாட ஆரம்பிக்கிற நேரத்தில், தாளம் போடுகிறவன் வரவில்லை என்று தங்கராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். கண்டியிலிருந்து லீவுக்கு வந்திருந்த உன்னைக் கூப்பிட்டான். நீ ஜால்ராவை வாங்கிக்கொண்டு கோஷ்டியின் நடுவில், வருஷக்கணக்காக நான் உட்கார்ந்த இடத்தில், உட்கார்ந்தாய்.

ஒரு இடத்தில்கூட நீ பிசகவில்லை. பாடகர்கள் வேகமெடுத்தபோது நீ அவர்களைப் பிடித்து நிறுத்தினாய். சனம் உன்னைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் முகத்தை. மழையில் நனைந்து, மிசின் நனையாமல் இருக்கத் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, நீ எங்கேயோ இருந்தாய். நான் இருந்த இடம்தான் அது. எனக்கு வழி தெரியும், இப்போது உள்ளே போக முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டாய். அப்போது நான் சொன்னதை மறுபடி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "ஒனக்கு என்னா கேட்டுச்சுன்னு தாளம் போட்ட? ஒனக்குக் கேக்குறது பாட்டே இல்ல" என்றேன். உன் அம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நீ அழவில்லை. நிதானமாக என்னைப் பார்த்து, "அப்ப ஒங்களுக்கு இப்பக் கேக்குறதும் பாட்டு இல்லையாப்பா?" என்றாய். என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை நீ. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். அதனால்தான் அது அப்படி வலித்தது. லீவு முடியும்வரை நாம் இரண்டு பேரும் உப்பு வேண்டுமா, போர்வை வேண்டுமா என்பதற்கு மேல் பேசவில்லை. பிறகு ஸ்டேஷன்.

உன்னை ஏற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது உன் அம்மா சொன்னாள், "அவ கேட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சு. எனக்குத் தெரியும்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. "மொகத்தப் பாத்தே பேச்சப் புடிச்சு வளந்த புள்ள அவ. ஒங்க மொகத்தப் பாத்து அவளுக்குப் பதில் தெரியாமயா போயிருக்கும்? வாயால சொன்னா அவளுக்கும் ஆறுதல், ஒங்களுக்கும் ஆறுதல்."

அந்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். முன்பு ஒருமுறை நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாய், ஒரே ஒரு குரல் இருக்கிற பாட்டாக எடுங்கள், வரியைப் படியுங்கள், பழையதை எதிர்பார்க்காமல் கேளுங்கள் என்று. எனக்கே பாட்டுக் கேட்கச் சொல்லித்தருகிறாயா என்று கோபப்பட்டு எழுந்துபோனேன். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்து பார்த்தேன். தெரிந்த பாட்டை எடுக்கவில்லை, தெரிந்தது என்றால் பழையது வந்து மறைக்கிறது. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு புதுப் பாட்டு, யாரோ ஒரு பையன், ஒரு கிட்டார். முதல் நாள் வெறும் இரைச்சல். இரண்டு மூன்று நாள் கோபம்தான் வந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் சொற்கள் தனியாக எழுந்து வந்தன, கிட்டார் தட்டுகிற இடத்தில் என் விரல் தானாகத் தட்டியது. ராகம் என்ன என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்த சங்கீதம் இல்லை அது. ஆனால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது, அது முடிந்தபோது இன்னொருமுறை வேண்டும் என்று தோன்றியது. எழுந்துபோய் அம்மாவிடம் சொல்ல நினைத்து, வெட்கமாகி, சும்மா இருந்துவிட்டேன். நீ குழந்தையிலிருந்து இப்படித்தான் ஒவ்வொன்றையும் எட்டிப் பிடித்திருக்கிறாய், யாருடைய உதவியும் இல்லாமல், வீட்டிலேயே ஒரு பாட்டு வாத்தியாரை வைத்துக்கொண்டு. பொறாமை அதனால் குறையவில்லை. கூடத்தான் செய்தது. நான் கிழவனாகித் தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்த இடத்தில் நீ எப்போதோ வீடு கட்டிக் குடியிருக்கிறாய்.

கல்யாணத்துக்கு முன் தகப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். பிரதீபன் நல்ல பிள்ளை, வேனிலேயே பார்த்தேன். ஆனால் நல்ல பிள்ளைகள்தான் மற்றவருக்காகப் பாட்டை நிறுத்துகிறவர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், என்னிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள் என்று இப்போதே பழக்கிவிடு. உனக்குக் கேட்காததை எல்லாம் அவர் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கவும் விடாதே. உன் அம்மா அன்பினால் அதைச் செய்தாள், அதனால் நீயும் நானும் நேராகப் பேசிக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இன்னொன்று, சண்டை வரும்போது மிசினைக் கழற்றி வைக்காதே. என்னோடு சண்டை போடும்போது அப்படிச் செய்திருக்கிறாய். எதிரில் நிற்கிறவருக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை. ஸ்டேஷனில் நான் உனக்குச் செய்ததும் அதுதான். நீ கேட்கிறது பாட்டா இல்லையா என்று யாராவது தீர்ப்புச் சொல்ல வந்தால், அது நானாக இருந்தாலும் சரி, திருவிழாவன்று என்னிடம் கேட்ட மாதிரியே நிதானமாகத் திருப்பிக் கேள்.

கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் வேண்டாம், பிள்ளைக்குத் தொந்தரவு என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என்ன பாட்டுப் போடுவது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, கௌரி. படிப்பித்த காலமெல்லாம் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் முதலில் கேட்டது, உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதுதான். செல்வியிடமும் கேட்டேன், தங்கராஜிடமும் கேட்டேன். உன்னிடம் மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்? அதைப் போனில் அனுப்பிவை. வரிகளையும் எழுதி அனுப்பு, முதலில் படித்துக்கொள்கிறேன். நீ வரும்வரை தினமும் அதையே கேட்பேன். பொறாமையோடுதான் கேட்பேன். ஆனால் கேட்பேன்.

அப்பா